நல்லவர் ஆண்டால் போதுமா?

(புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1948 மார்ச் வரை நம்முடைய இந்தச் சீமை தனிச் சமஸ்தானம். கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானைப் பற்றி இன்றும் பெரியவர்கள் நல்லவிதமாகவே பேசுவார்கள். அதைச் சொல்லிவிட்டுச் சிலர், "நல்லவர் ஒருவர் ஆண்டால் போதுமே, தேர்தல் எதற்கு, கட்சி எதற்கு?" என்றும் கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் தேடப் போகிறோம்.

மன்னர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். 1928-ல் அவர் பட்டத்துக்கு வந்தபோது சிறுவர். ஆலங்குடியிலோ திருமயத்திலோ ஏர் பிடித்த எவரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நல்லவர் வாய்த்தது மக்களின் நல்ல நேரம். கெட்டவர் வாய்த்திருந்தால் அவரை இறக்க மக்கள் கையில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை.

ரோமாபுரியின் பழைய அறிஞர்கள் இதை அடிமையின் நிலையை வைத்து விளக்கினார்கள். ஓர் அடிமைக்கு இரக்கமுள்ள எஜமான் கிடைக்கலாம். அடிக்க மாட்டான், பசிக்க விடமாட்டான். ஆனாலும் அவன் அடிமைதான். எஜமானின் மனம் நாளை மாறினால் தடுக்க ஆளில்லை. ஆகவே, ஒருவரது தயவில் வாழாமல் சட்டத்தின் கீழ் வாழ்வதையே அவர்கள் சுதந்திரம் என்றார்கள். நாடு மக்களின் பொதுச்சொத்து என்றார் சிசரோ. அதனால்தான் ரோமில் ஆட்சித் தலைவர்கள் இருவர். ஒருவரை மற்றவர் தடுக்கலாம். பதவியோ ஓராண்டு மட்டுமே. ஏதென்ஸ் நகரில் பதவிக்காலம் முடிந்ததும் ஒவ்வோர் அதிகாரியும் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும்.

"இது கிரேக்க, ரோமானியச் சரக்கு, நமக்கென்ன?" என்று எண்ணாதீர்கள். பிளேட்டோவின் 'குடியரசு' நூலுக்கு விளக்கவுரை எழுதியவர் ஸ்பெயினின் காஜி, இமாம் இப்னு ருஷ்து. அறிவு எங்கிருந்து வந்தாலும் எடைபோட்டு எடுத்துக்கொண்ட சமுதாயம் இது.

நம் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? குர்ஆனின் 42-ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே 'அஷ்ஷூரா', அதாவது கலந்தாலோசனை. அதன் 38-ஆவது வசனம் முஃமின்களின் பண்புகளைச் சொல்லும்போது தொழுகைக்கும் தானதர்மத்துக்கும் நடுவில் ஆலோசனையை வைக்கிறது. தொழுகையை விட்டவனைக் கண்டிக்கிறோம். மஷூராவை விட்ட நிர்வாகத்தைக் கண்டிக்கிறோமா?

உஹதுப் போரை நினைத்துப் பாருங்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணம். இளைஞர்கள் பலர் வெளியே சென்று போரிட விரும்பினார்கள். நபியவர்கள் அதை ஏற்றுப் புறப்பட்டார்கள். இழப்பு கடுமையானது. அதன் பிறகு இறங்கிய வசனம் என்ன சொன்னது? 'இனி இவர்களைக் கேட்காதீர்' என்றா? இல்லை! அவர்களை மன்னியும், காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யும் என்றுதான் (3:159) கட்டளை வந்தது. ஒருமுறை இழப்பு வந்தது என்பதற்காக மக்களைக் கேட்கும் வழியை மூடிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

கலீஃபா அபூபக்ர் (ரலி) பொறுப்பேற்றதும் மக்களிடம் என்ன சொன்னார்கள்? நான் சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் என்னை நேராக்குங்கள் என்றார்கள். பின்னாளில் அந்த கிலாஃபத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் மன்னராட்சியாக மாறியது. ரோமிலும் கி.மு. 44-ல் சீசர் ஆயுட்கால சர்வாதிகாரியானார். பிறகு குடியரசு மீளவே இல்லை. இரு இடத்திலும் பாடம் ஒன்றே. கேட்கிறவர்கள் ஓய்ந்துபோனால் ஆள்கிறவர்கள் நிலைத்துவிடுவார்கள்.

நம் தமிழ் மண்ணுக்கும் இது புதிதல்ல. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரில் 30 குடும்புகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். பதவி 360 நாட்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை! ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சட்டம் இது. ஆனால் அது பிராமணர் சபை. நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே திறந்த கதவு. உழைத்தவனுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. வணிகர்களுக்கு 'நகரம்' என்ற தனிச் சபை இருந்தது.

அந்தக் கதவை எல்லாருக்கும் திறந்தது நம் அரசியல் சட்டம். அதை இயற்றிய சபையில் காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிபும் உறுப்பினர். அச்சபையில் 1949 நவம்பர் 25 அன்று பேசிய டாக்டர் அம்பேத்கர், இந்நாட்டில் முன்பே குடியரசுகள் இருந்தன, அவற்றை இழந்தோம், மறுபடியும் இழப்போமா என்று கவலைப்பட்டார். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் போய் முடியும் என்றும் எச்சரித்தார்.

1992-ல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் ஊராட்சிக்கு ஐந்தாண்டுக் காலத்தை உறுதி செய்தது. அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். நடந்தது என்ன? 2016 அக்டோபரில் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அதில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அலுவலர் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, நம்மால் இறக்கவும் முடியாது. நல்ல எஜமான் கதைதான் இதுவும்!

தேர்தல் அறிவித்தும் நடக்க விடாத கொடுமையும் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன என்பதற்காக 1996 முதல் 2006 வரை அங்கே முறையான தேர்தலை ஆதிக்கம் தடுத்தது. பக்கத்துத் தெருக்காரனின் வாயை அடைக்கும்போது நாம் சும்மா இருந்தால், நாளை நம் வாய் அடைபடும்போது யார் பேசுவார்?

வணிகச் சகோதரர்களே! கூட்டு வியாபாரத்தில் பங்காளி கணக்குக் காட்டாவிட்டால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்? ஊராட்சியிலும் நீங்கள் பங்காளிதான். வீட்டு வரியும் தொழில் வரியும் உங்கள் முதலீடு. அப்படியிருக்க, கிராம சபை நாளில் கடையைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் வர ஏன் தயக்கம்?

இளைஞர்களே! ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்போது முன்வரிசையில் உட்காருங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தைப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். நம் தாய்மார்களையும் அழைத்து வாருங்கள். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டமாகிவிட்டது. பதவியை ஏலம் விடும் பேச்சு எழுந்தால், பணம் பள்ளிவாசலுக்கே வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கிறவர்கள் நம் ஜமாஅத்தில் கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் ஃபித்னா என்கிறார்கள். அமானிதத்தைப் பற்றிக் கேட்பது ஃபித்னா ஆகாது, மறைப்பதுதான் ஃபித்னாவை வளர்க்கும். ஆண்டுக்கொரு முறை ஜும்ஆவுக்குப் பின் கணக்கை வாசியுங்கள், பலகையில் ஒட்டுங்கள். நிர்வாகத்துக்குக் காலவரையறை வையுங்கள். நேர்மையான முத்தவல்லிக்கு அதுவே பாதுகாப்பு, அவர் மீது யாரும் வீண்பழி சுமத்த முடியாது.

நம் மஹல்லாவில் இதைச் செய்து காட்டிவிட்டுக் கிராம சபைக்குப் போனால், நம் கேள்விக்குத் தனி மரியாதை இருக்கும். அல்லாஹ் அந்தத் துணிவை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.