உழைச்செல்வான்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றையும் நாம் நன்கறிவோம். நான்காமவன் உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து பணிவிடை புரிபவன். மருத்துவனோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட அவ்விடத்தில் இன்று இருப்பவர் பெரும்பாலும் பெண். "அவர் வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்" என்று அவரை அறிமுகம் செய்துவைக்கிறோம்!

அவர் செய்வது வேலையன்றோ? பக்கவாதத்தால் படுத்துவிட்ட மாமனாரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடில் படுக்கைப்புண் வரும். விழுங்கத் தடுமாறுபவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டாவிடில் உணவு மூச்சுக்குழலில் புகும். தில்லியில் மற்றொரு சுமையும் உண்டு. ஊரிலிருந்து வந்த முதியவர் இந்தி அறியார். நெஞ்சு எரிகிறதா, அடைக்கிறதா என்று டாக்டரிடம் எடுத்துச் சொல்லும் நாவும் இவரே.

2019-ஆம் ஆண்டில் அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டாரைப் பேணும் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும், ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டனர். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டாரிடம் இந்தச் சராசரியைச் சொன்னால் நகைப்பார்கள்.

பெற்றோரைப் புறக்கணிக்கும் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் பெற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நன்று, ஆனால் புறக்கணியாமல் காப்பவருக்கு ஓய்வு தர அதில் வழியில்லை. நம்மில் பலர் மத்திய அரசு ஊழியர்கள். குழந்தைப் பராமரிப்புக்கெனப் பெண் ஊழியர்க்கு 2008 முதல் 730 நாள் விடுப்பு உண்டு. முதிய பெற்றோருக்கெனத் தனி விடுப்பு இல்லை. ஈட்டிய விடுப்பைத்தான் கரைக்க வேண்டும்.

ஊரிலென்றால் அத்தையும் சித்தியும் ஒன்றுவிட்ட தங்கையும் முறை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இங்கே அவர்களுக்கு எங்கே போவது? இம்மண்டபத்தில் இன்று காலியாக உள்ள நாற்காலிகள் சில யாருடையவை என்பதை, அழைப்பிதழ் கொடுக்கச் சென்ற நம் இளைஞர்கள் அறிவார்கள்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், அத்தகைய வீட்டில் உட்கார இசைபவர்கள் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள். ஆடவர்களையும் சேர்த்தே அழைக்கிறேன். முதலிரண்டு வாரம் அந்த அம்மையாரின் அருகிலிருந்து, புரட்டுவதையும் ஊட்டுவதையும் பார்த்துப் பழக வேண்டும். அதன் பின்னரே அவர் நம்மை நம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே புறப்படுவார்.