நான் கழுவாத பாதம்

(2025ஆம் ஆண்டு டிசம்பரில் நமது மருத்துவமனையின் கிறிஸ்துமஸ் கூடுகையில், அருகிலுள்ள கடலோரக் கத்தோலிக்கப் பங்கின் தந்தை ஆற்றிய உரை)



நான் வேறு திருச்சபையைச் சேர்ந்தவன். ஆயினும் எங்கள் பங்கு மக்கள் நோயுற்றால் முதலில் வந்து தட்டுவது உங்கள் கதவைத்தான். எனவே ஆண்டின் முடிவில் உங்கள் முன் நின்று கணக்கு ஒப்புவிப்பது எனக்குக் கடமை என்று நினைக்கிறேன். பங்குத்தந்தையிடம் பல பதிவேடுகள் உண்டு. திருமுழுக்கு, திருமணம், இறப்பு, வரவு செலவு எல்லாம் எழுதி வைப்போம். எந்த ஏட்டிலும் எழுதப்படாத ஒரு கணக்கைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இந்த ஆண்டு எங்களுக்கு யூபிலி ஆண்டு. 2024 டிசம்பர் 24 முதல் 2026 ஜனவரி 6 வரை என்று குறிக்கப்பட்ட அருளின் காலம். எதிர்நோக்கே அதன் மையக் கருத்து. அந்த ஆண்டிலேயே திருத்தந்தை பிரான்சிஸ் நோயுற்றார். பிப்ரவரி 14ஆம் நாள் ரோமையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 38 நாட்கள் அங்கிருந்தார். ஏப்ரல் 6ஆம் நாள் நோயாளர் மற்றும் நலப்பணியாளருக்கான யூபிலித் திருப்பலி நடந்தபோது, ஒருவரும் எதிர்பாராத வகையில், மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சக்கர நாற்காலியில் வந்து நோயாளரோடு நோயாளராக இருந்தார். ஈஸ்டர் ஞாயிறு கழிந்த மறுநாள், ஏப்ரல் 21ஆம் நாள், தமது 88ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மே 8ஆம் நாள் பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவையெல்லாம் உலகறிந்தவை. அதே வாரத்தில் எங்கள் ஊரில் நடந்ததை உலகம் அறியாது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன். எங்கள் வழக்கப்படி பன்னிரண்டு பேரைப் பீடத்தின் முன் அமர்த்தி, மண்டியிட்டு, அவர்களுடைய பாதங்களைக் கழுவினேன். தாழ்மையைப் பற்றி நீண்ட மறையுரையும் ஆற்றினேன். மூன்று நாள் கழித்து ஈஸ்டர் திருப்பலி முடிந்து வாசலில் நின்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, விசைப்படகில் கூலிக்குப் போகும் ஒரு பெரியவர் காலில் பழந்துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, காலில் என்ன?" என்றேன்.

"மீன் முள் குத்திட்டு சாமி. வலியே இல்ல" என்றார்.

"சரி, பார்த்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் கையைப் பற்றினேன். மறுநாள் திருத்தந்தையின் மறைவுச் செய்தி வந்தது. இரங்கல் திருப்பலி, மௌன ஊர்வலம் என்று ஓடினேன். அந்தக் காலை மறந்தே போனேன்.

வலி இல்லை என்று அவர் சொன்னது உண்மை. ஆபத்தும் அதில்தான் இருந்தது. நீரிழிவு நோய் பல ஆண்டுகள் நீடித்தால் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறையலாம். முள் குத்தினாலும் கல் அறுத்தாலும் தெரியாது. புண் உள்ளே அழுகும். மனிதர் அதன் மேலேயே நடந்துகொண்டிருப்பார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே உழைத்த டாக்டர் பால் பிராண்டை (1914–2003) உங்களில் பலர் அறிவீர்கள். அவர்களுடைய கைகால்கள் சிதைவதற்குப் பெரும் காரணம் வலியை உணராததால் ஏற்படும் காயங்களே என்று அவர் எடுத்துக்காட்டினார். நீரிழிவுக்காரரின் கால்களுக்கும் அதே பாடம் பொருந்துகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கூலி கிடையாது. தடை நீங்கட்டும், நாலு காசு கையில் வரட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் காத்திருந்தார். ஜூன் முதல் வாரத்தில் காய்ச்சலில் நினைவு தடுமாறியவரை உங்களிடம் தூக்கி வந்தோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது.

"சில வாரங்கள் முன்னால் வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார் மருத்துவர். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

வார்டில் அவர் கட்டிலருகே அமர்ந்து, "உங்கள் காலை அன்று நான் பார்த்தேன் அண்ணாச்சி, நின்று கேட்கவில்லை" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்தானே சாமி. ஆனா நீங்க கொஞ்சம் நின்னிருந்தா அவுத்துக் காட்டியிருப்பேன்" என்றார். இந்த ஆண்டு நான் கேட்ட மறையுரைகளில் இதைவிடச் சிறந்தது வேறில்லை.

அவருடைய சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை உங்கள் ஏழை நோயாளர் நிதி ஏற்றது. செயற்கைக் காலும் கிடைத்தது. ஆயினும் எல்லாம் நலமாயிற்று என்று நான் சொன்னால் அது பொய். அவர் இனிக் கடலுக்குப் போக முடியாது. கரையில் அமர்ந்து வலை பின்னுகிறார். வருமானம் குறைந்ததால் மகன் படிப்பை விட்டுப் படகேறிவிட்டான். அந்த இளைஞனை மீண்டும் படிக்கவைப்பது எங்கள் பங்கின் மேல் நிற்கும் கடன்.

ஜூலை முதல், மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் முற்றத்தில் பெஞ்சு போடுகிறோம். உங்கள் செவிலியர் வந்து இரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறார்கள். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். எங்கள் இளைஞர் கால்களைக் கழுவித் துடைக்கிறார்கள். பெஞ்சின் முனையில் அந்தப் பெரியவர் உட்கார்ந்து, "வலி இல்லன்னு நம்பாதீங்க" என்று தம் செயற்கைக் காலைத் தட்டிக் காட்டுகிறார். தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் ஒரு தாயின் பெருவிரலுக்கடியில் புண் இருந்ததை அக்டோபரில் அங்குதான் கண்டுபிடித்தார்கள். அவர் கட்டுப் போட்டு, மருந்து எடுத்து, மென்மையான எம்.சி.ஆர். செருப்பு அணிந்து, இன்று இரண்டு கால்களோடு நடக்கிறார்.

அதே அக்டோபரில் திருத்தந்தை லியோ ஏழைகள்மீது அன்பு பற்றிய தம் முதல் திருத்தூது ஊக்கவுரையை வெளியிட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கி வைத்துச் சென்றதை அவர் முடித்தார். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வதுதான் ஊழியம். ஒரு கட்டுத்துணிக்கோ ஒரு ஜோடிச் செருப்புக்கோ நீங்கள் அனுப்பும் காணிக்கையும் அப்படியே. நான் நிற்காமல் போன இடத்தில் நீங்கள் நின்றீர்கள்.

1223இல் கிரேச்சோ ஊரில் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொழுநோயாளருக்குப் பணி செய்தவர். புண்களைக் கழுவிய கைகளே அந்தக் குடிலையும் அமைத்தன. இவ்வாண்டு எங்கள் கோயில் குடிலை அந்த வலை பின்னும் பெரியவர் கட்டுகிறார். குழந்தை இயேசுவின் சிறு பாதங்கள் போர்வைக்கு வெளியே தெரியும்படி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸ் இரவில் நான் குனிந்து முத்தமிடுவது அவற்றைத்தான்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரை நோயாளர் இருப்பார்கள். இன்றிரவு அவர்களுடைய கால்களை விளக்கொளியில் ஒருமுறை பாருங்கள். எங்களுக்காக மன்றாடுங்கள். இப்பணியைத் தொடர்ந்து தாங்குங்கள். நம் நடுவே உடலெடுத்துப் பிறந்த ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.