பாடத்துக்குப் படம் வரைந்த பையன்

பாலர் கல்வியில் டிப்ளோமா பெறும் தம்பி தங்கைகளே,

புக்கிட் செராக்காவிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் இந்த ஜெராம் மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். சீக்கிரமே சின்னஞ்சிறுசுகள் உங்களை ‘டீச்சர்’ என்று கூப்பிடப்போகிறார்கள். அதனால்தான் கேலிச்சித்திரக்காரர் டத்தோ லாட்டின் பள்ளிப்பருவத்தைப் பற்றிப் பேச நினைத்தேன். 1979இல் வெளிவந்த அவருடைய ‘கம்போங் பாய்’ சித்திரக்கதை உங்கள் வீட்டிலும் கிடக்கும். அவர் புகழைச் சொல்ல நான் வேண்டாம்.

லாட்டின் இயற்பெயர் முகமட் நோர் காலிட். 1951இல் பிறந்தவர். ஈயம் தோண்டும் கப்பல் மண்ணை வாரிய கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். அப்பா ராணுவத்தில் கிராணி. ஆரம்பப்பள்ளியில் மொய்ரா ஹியூ என்ற ஆசிரியை பையனின் கை ஓட்டத்தைக் கவனித்தார். முதுகில் தட்டிக்கொடுத்ததோடு விடவில்லை. வகுப்பில் நடத்தும் பாடத்துக்கான படத்தை அடிக்கடி அவனையே வரையச் சொன்னார்.

நாம் என்ன செய்கிறோம்? நோட்டில் நட்சத்திரம் ஒட்டுவோம், ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்தட்டை வரையச் சொல்வோம், மற்ற நாளெல்லாம் “கிறுக்காதே, எழுது” என்போம். ஹியூ அந்தக் கிறுக்கலுக்கு வேலை கொடுத்தார். அவன் வரைந்தால்தான் மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கும்! அந்த வயதில் அது எவ்வளவு பெரிய உத்தியோகம்!

பதின்மூன்று வயதில் ‘தீகா செக்காவான்’ என்ற சித்திரக்கதையைப் பதிப்பகத்துக்கு அனுப்பினான். யாரோ பெரியவர் என்று நினைத்து அச்சிட்டுவிட்டார்கள். கூலி 25 வெள்ளி. வயது தெரிந்திருந்தால் வாழ்த்துக் கடிதம் மட்டும்தான் வந்திருக்குமோ என்னவோ! 1968இல், ஈப்போ எண்டர்சன் பள்ளியில் படிக்கும்போதே, ‘பெரித்தா மிங்கு’ பத்திரிகையில் வாராவாரம் ஒரு சித்திரத்தொடர் வரைய ஆரம்பித்தார். அந்தத் தொடர் 26 ஆண்டு ஓடியது.

சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் மூன்றாம் நிலைதான். ஆறாம் படிவம் கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு பத்திரிகையில் ஓவியர் வேலை கேட்டுப் போனார். இடம் காலியில்லை, குற்றச்செய்தி நிருபராக வா என்றார் பத்திரிகை ஆசிரியர் சமாட் இஸ்மாயில். போனார்.

ஹியூ கொடுத்த அந்த வேலையை மனத்தில் வைத்து, இனி நம் பாலர் பள்ளிச் சுவர்களைப் பாருங்கள். ஆப்பிள் இருக்கும், பனிமனிதன் இருப்பான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி தினமும் வாசல் வழியாகவே போகிறது. சுவரில் அதற்கு இடமில்லை. அந்த லோரியை வரையும் வேலையை ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். குலையில் முள் எங்கே இருக்கும் என்று தோட்டத்தில் வேலை செய்யும் தாத்தாவிடம் கேட்டு வரட்டும். சக்கரம் சதுரமாக வந்தாலும் திருத்தாமல் ஒட்டிவிட்டு, ‘லோ’ எழுத்தை அந்தப் படத்தைக் காட்டியே நடத்துங்கள்.