ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளும் தொழிலறிவும்



எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "பெரியவனானதும் என்ன வேலை செய்வாய்?" என்று வினவினால், அது தன் கண்ணில் பட்ட தொழில்களில் ஒன்றைத்தான் சொல்லும். கண்ணில் படாததை எவ்விதம் சொல்லும்? சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் கண்ணெதிரில் நிற்கின்றன. நான்காவதாக ஒன்று உண்டென்பதைப் பிள்ளைக்கு யார் காட்டுவது என்பதே இன்றைய விஷயம்.

இந்த மூன்று தொழில்களுங்கூட வெளியே சென்று கண்டு வந்தவர்களால்தான் இவ்வூருக்கு வந்தன என்பது நினைவிருக்க வேண்டும். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் விவசாயத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலையில், 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினார்கள். அவர்கள் ஊரிலேயே இருந்து ஊரில் கண்ட தொழிலையே செய்திருந்தால் சிவகாசி இன்றுள்ள சிவகாசியாக ஆகியிராது.

ஆனால் அதே தொழில் பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு வேறு வகையில் அறிமுகமாயிற்று. விடியுமுன் ஆலை வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டு, கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பழகிய சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கானோர். ஸ்மிது கோத்தாரி என்பவர் 1983-ல் வெளியிட்ட கட்டுரை இக்கொடுமையைத் தேசமறியச் செய்தது. 1986-ல் சட்டம் வந்தது. 1988-ல் குழந்தைத் தொழிலாளர் மீட்புத் திட்டம் சிவகாசியில் ஆரம்பமாயிற்று. 1996-ல் சுப்ரீம் கோர்ட், சட்டத்தை மீறி வேலைக்கமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2016-ன் திருத்தப்படி, 14 வயதுக்குட்பட்டவரை எத்தொழிலிலும், 18 வயதுக்குட்பட்டவரை அபாயத் தொழில்களிலும் அமர்த்தலாகாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாமென்று சட்டம் இடங்கொடுத்தாலும், அபாயத் தொழிலுக்கு அச்சலுகை இல்லை. வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்தாலும் வெடிமருந்து வெடிமருந்துதான்.

ஆகையால், ஆரம்பப் பாடசாலையில் தொழிலைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதென்றால் பெற்றோர் சந்தேகிப்பது நியாயமே. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பாடசாலைகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாமென்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டமென்று பெயர் பெற்று, பலத்த எதிர்ப்புக்குள்ளாகி, மறு வருஷமே கைவிடப்பட்டது. கைவிட்டவர் விருதுநகர் காமராஜர். சிறு பிராயத்திலேயே பள்ளியை விட்டு மாமன் ஜவுளிக் கடையில் உட்கார்ந்தவர். கல்வி நின்றுபோன பிள்ளையின் நஷ்டம் அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே சொல்லப்படும் தொழிலறிவு அத்திட்டத்திற்கு நேர் விரோதமானது. அது கைக்கு ஒரு தொழிலைப் பழக்கியது. இது கண்ணுக்குப் பல தொழில்களைக் காட்டுவது. இதில் பிள்ளை எந்த வேலையும் செய்வதில்லை, கேட்கிறது, பார்க்கிறது, வினவுகிறது, அவ்வளவே.

இவ்வளவு சிறு பிராயத்திலேயே எதற்கு என்று கேட்கலாம். 2016-ல் இங்கிலாந்தில் ஐந்து முதல் ஏழு வயதுள்ள பிள்ளைகளிடம் தீயணைப்பு வீரர், அறுவை வைத்தியர், போர் விமானி ஆகியோரை வரையச் சொன்னார்கள். வரைந்த 66 படங்களில் 61 ஆண்கள், ஐந்தே பெண்கள். பிறகு அம்மூன்று தொழில்களையும் செய்பவர்கள் வகுப்பறைக்குள் வந்தார்கள், மூவரும் பெண்கள்! பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். "இது நமக்கில்லை" என்ற எண்ணம் ஏழு வயதுக்கு முன்பே வேரூன்றி விடுகிறதென்பதற்கு இது சாட்சி. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டம் மேல்வகுப்பு, கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்டுகிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாட்கள் புத்தகப் பையின்றித் தொழில்களைக் காணச் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இடைவெளி இருக்கிறது.

அதை நிரப்பப் பெரிய சாதனங்கள் தேவையில்லை. ஒரு வெற்றுத் தீப்பெட்டி போதும். உபாத்தியாயர் அதை மேஜைமேல் வைத்து, "இதில் எத்தனை பேர் வேலை இருக்கிறது?" என்று கேட்கட்டும். மரம் வளர்த்தவர், குச்சி சீவும் யந்திரத்தை ஓட்டியவர், மருந்தின் அளவை நிர்ணயித்த ரசாயனம் படித்தவர், மேலொட்டுச் சீட்டின் படத்தை வரைந்த சித்திரக்காரர், அதை அச்சடித்தவர், கணக்கெழுதியவர், லாரி ஓட்டியவர், ஆலையைச் சோதித்த அதிகாரி, தீப்புண்ணுக்கு மருந்திட்ட நர்ஸ், சில்லறைக் கடைக்காரர் என்று பலகையில் பட்டியல் நீளும். ஒரு குரோஸுக்கு 144 பெட்டி என்பதில் கணக்குப் பாடமும் ஆயிற்று. தான் அறிந்த ஒரு பெட்டிக்குள் இத்தனை உத்தியோகங்களா என்று பிள்ளை வியக்கும். ஆனால் ஒட்டவோ அடுக்கவோ வகுப்பில் ஒரு பெட்டியைக்கூடக் கொடுக்கலாகாது.

மற்றொன்று. பட்டாசு ஆலைக்குச் செல்லும் தாயின் பிள்ளையும் அவ்வகுப்பில் இருக்கும். அத்தொழிலை இழிவாகப் பேசினால் பிள்ளை தாயை எண்ணி நாணும். அது கொடிய பாவம். அதற்காக உண்மையை மறைக்கவும் வேண்டாம். விபத்துக்கள் நேர்வதையும், பேரியம் கலந்த பட்டாசுகளுக்கு 2018 முதல் சுப்ரீம் கோர்ட் விதித்த தடையால் ஆலைகளில் வேலை குறைந்ததையும் பிள்ளைகள் வீட்டிலேயே அறிவார்கள். புகை குறைந்த பட்டாசை ஆராய்ச்சிசாலையில் கண்டுபிடிப்பதும் ஒரு தொழில் என்பதை மட்டும் அவர்கள் அறிய மாட்டார்கள்.

இங்கேதான் சங்கத்தின் பங்கு வருகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் இருபதினாயிரம் பிள்ளைகளில், பாடசாலைக்கு வந்த ஒருவர் மூலம் ஒரு தொழிலை அறிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லையென்று தெரிந்தது. சங்கக் காரியதரிசி பேரேட்டுடன் போகலாம். பால் சங்கத்தில் பால் சோதிப்பவர் பால்மானியுடன் போகலாம். கிராம நர்ஸ், கால்நடை வைத்தியர், மின்சார வாரிய ஊழியர், ஊரிலிருந்து கல்லூரி சென்ற பெண் ஆகியோரை அழைக்கலாம். மாதம் ஒருவர், ஒரு மணி நேரம். வருகிறவர் உபதேசம் செய்யத் தேவையில்லை. தாம் காலையில் எழுந்தது முதல் செய்யும் வேலை, அதற்குப் படித்த படிப்பு, பெறும் சம்பளம், பட்ட கஷ்டம் ஆகியவற்றைச் சொன்னால் போதும். பிறகு கேள்வி கேட்பது பிள்ளைகளின் முறை. ஆண் தொழில் என்று கருதப்படுவதற்குப் பெண்ணும், பெண் தொழில் என்று கருதப்படுவதற்கு ஆணும் வந்தால் நலம்.

செலவைப் பற்றி யோசிப்பவர்கள் விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையை நினைக்கலாம். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியைக் கொண்டு நடந்த பள்ளி அது. காமராஜர் அங்கேதான் படித்தார். இதற்குப் பிடியரிசிகூட வேண்டாம், ஒரு பஸ் கட்டணமும் ஒரு கோப்பைத் தேநீரும் ஆகும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, தலைமை உபாத்தியாயரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியிடமும் சம்மதம் பெற்று, தீபாவளி கழிந்து ஆலைகளில் வேலை மந்தமாயிருக்கும் நாட்களில் முதல் வகுப்பை வைத்துக்கொண்டால், பெற்றோரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க முடியும்.