பழமொழிக்கும் பற்று வரவு உண்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனித சுபாவத்தைச் சொல்லும் பழமொழிகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் புலவன் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கிக் கவுண்டரில் காலம் தள்ளியவன். கணக்குப் பார்க்கிறவனாகவே பேசுகிறேன்.

நம் பழமொழிகள் பலவும் எதிரெதிராக ஜோடி சேர்ந்திருக்கும். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்போம். ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்றும் சொல்வோம். ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்றால் மனிதன் மாறமாட்டான். ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்றால் மாறுவான்.

எது சரி? இரண்டும் சரிதான். மடிப்புக் கலையாத சட்டைக்காரரின் காசோலை பணமில்லாமல் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வரும் அம்மா, மாதத் தவணையை ஒருமுறைகூடத் தவறாமல் கட்டியதையும் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்ட நாட்களும் உண்டு. பற்றை மட்டும் கூட்டினால் இருப்பு தெரியாது. வரவையும் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார், 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து சென்னையில் வெளியிட்டார். 1897இல் ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாக இன்னொரு தொகுப்பு கொண்டுவந்தார். அத்தனை இருந்தாலும், எந்த ஆளுக்கு எது பொருந்தும் என்பதை நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு வழி பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான பழமொழி நானூறில் கிடைக்கிறது. முன்றுறை அரையனார் எழுதியது. பாட்டுக்கு ஒரு பழமொழி. பெரும்பாலும் அது கடைசி அடியில்தான் வரும். முதலில் விஷயம், பிறகு பழமொழி.

நாம் தலைகீழாகச் செய்கிறோம். ஒரு வீட்டில் மூன்று மாதம் பராமரிப்புக் கட்டணம் வரவில்லையா? ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா?’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போடுகிறார். பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்த வீட்டில் வேலை போயிருக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவு இருக்கலாம். வேண்டுமென்றே இழுத்தடிப்பவராகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

கிராமத்தில் பழமொழி சொன்ன பெரியவருக்கு எதிராளியின் மூன்று தலைமுறை தெரியும். கோட்டக்குப்பத்தில் நாம் ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்கள். எதிர் ஃபிளாட்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் சுபாவத்துக்கு மட்டும் பழமொழி தயாராக இருக்கிறது.

‘கொடுத்ததைக் கேட்டால் அடுத்தது பகை’ என்று நேரில் கேட்கத் தயங்குகிறோம். குழுவில் குத்திக் காட்டுவது அதைவிடப் பெரிய பகை இல்லையா?

அதனால் ஒரு கோரிக்கை. பாக்கி உள்ளவர் பெயரை அறிவிப்புப் பலகையில் போடுவதற்கு முன், நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். கஷ்டம் என்றால் தவணை கொடுப்போம். சாக்கு என்றால் விதிப்படி நடவடிக்கை எடுப்போம். பாக்கியை வசூலிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லிஃப்ட்டும் மோட்டாரும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன.

ஆளை விசாரித்த பிறகு, பொருத்தமான பழமொழியைத் தாராளமாகச் சொல்லுங்கள். நானும் ஒன்றிரண்டு எடுத்துக் கொடுக்கிறேன்.