மலிவான கார் காப்புறுதி: ஒப்பீட்டுத் தளங்கள் உண்மையிலேயே காசை மிச்சப்படுத்துமா?

(புதிதாக வந்தவர்களுக்கான தகவல் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



முதலில் ஒரு விஷயம். இலங்கை லைசன்சை வைத்து பிரித்தானியாவில் வசிக்கத் தொடங்கி 12 மாதம் வரைக்கும்தான் கார் ஓடலாம். அதற்குப் பிறகு இங்கத்தைய சோதனை பாஸ் பண்ண வேண்டும். தஞ்சம் கோரியவர்கள் கார் வாங்க முதல், தங்கள் நிலையில் ஓடலாமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இனி இன்சூரன்சுக்கு வருவோம். இது இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் 300 பவுண்ஸ் தண்டம், லைசன்சில் 6 புள்ளி. பொலிஸ் காரையும் கொண்டு போகலாம். இங்கே லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசன்சே போய்விடும். வழக்கு நீதிமன்றம் வரை போனால், பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் சொல்ல வேண்டி வரும்.

எங்கட ஆக்கள் அநேகமாகக் கேட்பது, "கொம்பெயார் த மார்க்கெட், மணிசூப்பர்மார்க்கெட், கொன்பியூஸ்ட், கோகொம்பெயார், இதிலை போட்டால் மலிவோ?" என்றுதான். பதில்: மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் கவனமாகப் பாவித்தால் மட்டும்.

இந்தத் தளங்கள் உங்களிடம் காசு வாங்குவதில்லை. நீங்கள் வாங்கினால் காப்புறுதிக் கம்பனி அவர்களுக்குக் கொமிஷன் கொடுக்கும். எல்லாக் கம்பனியும் எல்லாத் தளத்திலும் இல்லை. அதனால் இரண்டு தளத்திலாவது பாருங்கள். பிடித்த கம்பனியின் சொந்தத் தளத்திலும் ஒருக்கா விலை கேளுங்கள்.

முதல் வரியில் நிற்கும் விலையை மட்டும் பார்த்து எடுக்க வேண்டாம். "எக்செஸ்" என்று ஒன்று இருக்கு. விபத்து நடந்தால் முதலில் உங்கள் கையால் கட்டும் தொகை அது. ஒரு உதாரணம்: ஒன்று 900 பவுண்ஸ், எக்செஸ் 1000. மற்றது 960 பவுண்ஸ், எக்செஸ் 350. காருக்கு 1200 பவுண்ஸ் சேதம் வந்தால், முதலாவதில் உங்களுக்கு வருவது 200, இரண்டாவதில் 850. அறுபது பவுண்ஸ் மிச்சம் பிடிக்கப் போய் 650 பவுண்ஸ் நட்டம்.

மாதாமாதம் கட்டினால் பெரும்பாலும் வட்டியும் சேரும். வருட மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். "மூன்றாம் தரப்பு" காப்புறுதிதான் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். சிலவேளை முழுக் காப்புறுதி அதைவிடக் குறைவாக இருக்கும். தொடங்கும் திகதிக்கு மூன்று கிழமை முன்னரே பாருங்கள். கடைசி நாளில் போட்டால் விலை கூடும்.

2022 ஜனவரி முதல், புதுப்பிக்கும் பழைய வாடிக்கையாளரிடம் அதே கம்பனி புது ஆளை விடக் கூடக் கேட்கக் கூடாது என்று சட்டவிதி இருக்கு. ஆனாலும் வேறு கம்பனி இன்னும் குறைவாகத் தரலாம். ஆகவே கடிதம் வந்தவுடன் பேசாமல் விட்டுவிடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முக்கியமானது உண்மை. இங்கே எத்தனை காலம் வசிக்கிறீர்கள், எந்த நாட்டு லைசன்ஸ், கார் இரவில் எங்கே நிற்கும் என்றெல்லாம் கேட்பார்கள். விலை குறைய வேண்டுமென்று அண்ணாவின் விலாசத்தைக் கொடுப்பது, ஓடுவது நீங்கள், பிரதான ஓட்டுநர் அவர் என்று போடுவது, இரண்டும் பொய். காப்புறுதியையே ரத்துச் செய்யலாம். விபத்தில் மற்றவருக்குக் கம்பனி கட்டிய காசை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம்.

சாதாரண காப்புறுதியை வைத்துச் சாப்பாடு டெலிவரி செய்ய முடியாது, அதற்குத் தனிக் காப்புறுதி வேண்டும். வேலை அனுமதி இல்லாதவர் இன்னொருவரின் கணக்கில் டெலிவரி ஓடினால் அது தஞ்ச வழக்கையும் பாதிக்கலாம்.

கடைசியாக, "எனக்குத் தெரிந்த ஆள் அரை விலைக்குச் செய்து தருவார்" என்று வட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ யாராவது சொன்னால் காசு கொடுக்க வேண்டாம். போலிப் பத்திரம் தருகிற ஆக்கள் இருக்கினம். நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கோ என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோவின் தளத்தில் உங்கள் கார் இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

வாங்கிய பிறகு மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமை உண்டு. காப்புறுதி ஓடிய நாட்களுக்கான காசையும் சிறு கட்டணத்தையும் கழிப்பார்கள்.

படிவம் விளங்காவிட்டால் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.