வீடே பள்ளிக்கூடம்: ஆபிரகாம் பண்டிதர் வாழ்வு நமக்குக் கற்பிப்பது

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சேர்வராயன் கோயில் மலைப்பகுதியில் நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கல்வியின் பெருமை பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். 25 ஆண்டுகளாக இந்த மேடையில் அதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும். ஆகவே பெருமையை விட்டுவிட்டு, ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் ஒரு பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவ விசுவாசி, எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு நல்ல குடும்பத் தலைவர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் என்பது அவர் பெயர்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் சுரண்டைக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியரானார். 1882இல் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் நங்கையை மணந்தார். பின்னர் இருவரும் தஞ்சைக்கு வந்து, நேப்பியர் சீமாட்டி பெயரால் விளங்கிய பெண்கள் பள்ளியில் பணியேற்றனர். அங்கே அம்மையார் தலைமையாசிரியை, கணவர் தமிழாசிரியர். மனைவி தலைமை வகிக்கும் பள்ளியில் கணவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பதை இன்றும் கௌரவக் குறைவாக எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குடும்பம் அவ்விதம் நிறைவாக வாழ்ந்தது என்பதை இளைஞர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இளமையிலேயே பண்டிதருக்குச் சித்த மருத்துவத்தில் நாட்டம் இருந்தது. சுருளி மலையில் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு, அவரைக் குருவாகக் கொண்டு மூலிகை நுட்பங்களைக் கற்றார். சமயம் வேறு என்பதற்காக அந்தக் குருவை அவர் ஒதுக்கவில்லை; குருவைப் பெற்றதற்காகத் தம் சமயத்தையும் விடவில்லை. 1890இல் ஆசிரியப் பணியிலிருந்து விலகி மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். தாம் செய்த மருந்துகளுக்குக் குருவின் பெயரையே சூட்டினார். அவை தமிழகத்திற்கு வெளியேயும் புகழ் பெற்றன. மருத்துவத்தால் வந்த பொருளைக் கொண்டு தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கிப் பெரிய தோட்டம் அமைத்துப் பயிர்த்தொழிலிலும் சிறந்தார். 1909இல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

அதே காலத்தில் சென்னையில் இன்னொரு சித்த மருத்துவரும் பண்டிதர் என்றே அழைக்கப்பட்டார். நம் அயோத்திதாசப் பண்டிதரைத்தான் சொல்கிறேன். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற இதழைத் தொடங்கி நம் மக்களின் வரலாற்றை எழுதிய பெருமகன் அவர். புலமை என்பது சில குலங்களுக்கே உரியது என்று உலகம் எண்ணிய நாளில், இவ்விருவரும் தம் உழைப்பால் அப்பெயருக்கு உரியவராயினர்.

இனி என் பேச்சின் உயிர்நாடிக்கு வருகிறேன். பண்டிதருக்கு இசையில் தீராத வேட்கை இருந்தது. தெலுங்குப் பாடல்களைப் பொருள் தெரியாமல் பாடும் தமிழ் மாணவர்களைக் கண்டு வருந்தி, தொடக்கப் பாடங்கள் முதல் கீர்த்தனைகள் வரை தமிழிலேயே இயற்றினார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். அறிஞர்களைக் கூட்டி, தம் சொந்தச் செலவிலேயே பல மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகளே உள்ளன என்று பலரும் சொல்லிவந்ததை மறுத்து, சிலப்பதிகாரம் முதலிய பழந்தமிழ் நூல்களைக் கொண்டு 24 என்று வாதிட்டார். இந்த ஆராய்ச்சியை அவர் தனி அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்யவில்லை. மனைவி மக்களோடு கூடிச் செய்தார். பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும் ஒன்றுபோலவே இசை பயிற்றினார். அவர் வீட்டுக்குள் சென்றால் பள்ளிக்கூடத்திற்குள் சென்றது போல் இருந்திருக்கும்.

அதன் பயன் 1916 மார்ச்சில் விளைந்தது. பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடிற்று. நாட்டின் பெரும் இசைவாணர்கள் கூடிய அவையில் பண்டிதர் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவர் வீட்டுப் பெண்களான மரகதவல்லியும் கனகவல்லியும் அக்கொள்கையை அவையோர் முன் வீணையோடு பாடி மெய்ப்பித்துக் காட்டினர். குலப்பெண்கள் மேடையேறிப் பாடுவதைப் பழியாகக் கருதிய காலம் அது. தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்குச் சான்றாக ஒரு தகப்பனார் தம் வீட்டுப் பெண்களின் கல்வியையே அவைமுன் வைத்தார்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று பரோடாவின் மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட். 1913இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றது அந்த மன்னர் அளித்த உதவித்தொகையால்தான். தஞ்சைப் பெண்கள் பரோடாவில் வீணை மீட்டிய அதே மார்ச்சு மாதத்தில், பரோடாவின் உதவி பெற்ற நம் அண்ணல் கடலுக்கு அப்பால் படித்துக்கொண்டிருந்தார். கல்வி எவரெவரை எந்தெந்த வாயில்கள் வழியே கொண்டு செல்கிறது, பாருங்கள்!

1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பேரிசை நூலைத் தம் சொந்த அச்சகத்திலேயே பதிப்பித்தார். அது ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. 1919 ஆகஸ்டு 31ஆம் நாள் மறைந்தார். நூலின் இரண்டாம் பாகம் அச்சேறாமல் நின்றுவிட்டது. அதை 1946இல் வெளியிட்டவர் மகள் மரகதவல்லியே. மகன் வரகுண பாண்டியன் யாழ் பற்றி ஆராய்ந்து நூல் எழுதினார். தகப்பன் விட்டுச்சென்ற நிலத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வது உலக வழக்கம். விட்டுச்சென்ற வேலையைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டது அந்தக் குடும்பத்தின் சிறப்பு.

உங்களுள் சிலர், "ஐயா, அவர் நம் இனத்தவர் அல்லரே! நிலமும் பணமும் உடையவர். எட்டுப்பேர் படுக்கும் லயன் வீட்டில் வீணைக்கு இடம் ஏது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பண்டிதர் நாடார் குலத்தில் பிறந்தவர். அந்நாளில் அக்குலத்தாருக்கும் கோயில் வாயில் அடைபட்டே இருந்தது. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்தவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டு, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, நுழைய உரிமையில்லை என்றே தீர்ப்பாயிற்று. நம் துன்பம் அதனினும் கொடியது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். நாம் வணங்கும் இடம் கோயிலானாலும் தேவாலயமானாலும் சாதி நமக்கு முன்னே போய் உட்கார்ந்துகொள்வதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் பண்டிதர் செய்தவற்றுள் பணம் வேண்டாத ஒன்று உண்டு. அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அதைத்தான் நான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இதற்கு என் தகப்பனாரே சாட்சி. 1820களில் இம்மலைக்குக் காப்பிப் பயிர் வந்தது முதல் எத்தனை தலைமுறைகள் அந்தச் செடிக்குக் கீழே குனிந்து நிமிர்ந்தன! என் தகப்பனாரும் அவ்வாறு உழைத்தவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இரவில் மண்ணெண்ணெய் விளக்கருகே என்னை உட்கார்த்தி, எதிரே அவரும் உட்காருவார். நான் தவறாகப் படித்தாலும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் நான் புத்தகத்தை மூடும்வரை அவர் எழுந்ததில்லை. நான் பி.ஏ., பி.எட். ஆனதற்கு அவர் விழித்திருந்த அந்த இரவுகளே காரணம்.

அத்தகையவருக்கு மகனாகப் பிறந்த நான் செய்த ஒரு தவற்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ளாவிட்டால், பண்டிதரைப் பற்றிப் பேச எனக்கு அருகதையில்லை. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். செவிலியர் படிப்புக்குப் போக விரும்பினாள். விடுதியில் விட அஞ்சினேன்; உறவில் வரன் வந்தது; மணம் முடித்துவிட்டேன். மகனைப் பொறியியல் படிக்க வைத்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஊரார் பெண்களைக் கல்லூரியில் சேர்க்க எத்தனையோ முறை சேலத்திற்கு இறங்கியவன் நான். ஒருநாள் என் மகள், "அப்பா, எல்லார் வீட்டுப் பெண்ணுக்கும் விண்ணப்பம் நிரப்பினீர்களே" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இரண்டு குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு அஞ்சல் வழியில் பட்டப்படிப்புப் படிக்கிறாள். வாரந்தோறும் சென்று, அவள் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். நான் செலுத்த வேண்டிய கடனுக்கு இது வட்டி மட்டுமே.

ஆகவே தகப்பன்மாரே, இரண்டு வேண்டுகோள்கள். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் கைப்பேசியையும் கடைவீதியையும் விட்டுப் பிள்ளைகள் அருகே உட்காருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. மகனுக்கு ஓர் அளவு, மகளுக்கு ஓர் அளவு என்று அளக்காதீர்கள். இளைஞர்களே, உங்கள் தங்கையின் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். இந்தக் கல்வியாண்டில் படிப்பை நிறுத்தும் நிலையிலுள்ள பெண்பிள்ளைகளின் பெயர்களை இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் தாருங்கள். நோட்டும் பேனாவும் கொண்டு வந்திருக்கிறேன். பெயர் எழுதி முடியும்வரை நான் இங்கேயே இருப்பேன்.